நூலகத்தில் கடவுச்சொல் யார் கையில்?

சீரங்கம் தீவில் ஒரு கிளை நூலகம். எந்தத் தெரு என்று எழுதப்போவதில்லை. எழுதினால் தொல்லை எனக்கு வராது, அங்கே வேலை பார்க்கிற அக்காவுக்குத்தான் வரும். இருபது வருசத்துக்கு மேல் அந்த நூலகத்தைக் கூட்டிப் பெருக்கி, குடிக்கத் தண்ணீர் பிடித்து வைத்து, பழைய பேப்பரைத் தேதிவாரியாகக் கட்டி, சாயங்காலம் சன்னல்களைச் சாத்திவிட்டுப் போகிறவர். தினக்கூலியாகச் சேர்ந்தவர். நம்ம சனம். பத்தாவது பெயில். நூலகர் மீட்டிங்குக்கோ விடுப்பிலோ போய்விட்டால் கதவைத் திறந்து நூலகத்தை நடத்துவதும் அவர்தான். எந்தப் பதிவேட்டிலும் அது ஏறாது. 'குரூப் ஃபோர் புக்கு எங்கக்கா இருக்கு?' என்று ஒரு பையன் வந்து நின்றால், குனிந்து பெருக்கிக்கொண்டே 'மூணாவது பீரோ, அடித்தட்டு, பச்சை அட்டை' என்பார். போய்ப் பார்த்தால் அங்கேதான் இருக்கும்.

அந்த நூலகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஆட்டோவிலிருந்து இறக்கி உள்ளே தூக்கி வைத்ததில் ஒரு பக்கம் பிடித்தது அந்த அக்கா. மேலே பிளாஸ்டிக் உறை மாட்டியதும் அவர்தான். ஒரு மாசம் கழித்து நான் போனபோது உறை அப்படியே இருந்தது. என்னக்கா, ஓட்டிப் பாத்தீங்களா என்று கேட்டேன். 'தொடக்கூடாதுன்னு சொல்லிருக்காங்க தம்பி. தொடைக்கிறதுக்கு மட்டும் தொடலாம்' என்றார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். அந்தச் சொல் என் மண்டைக்குள்ளேயே கிடந்தது. அதுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நூலகப் பணியாளர்களுக்குக் கணினிப் பயிற்சி நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நடக்கிறது. 2014-இல் தில்லியில் குடியரசுத் தலைவரை வைத்தே தேசிய நூலகத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் பணியாளர் திறன் வளர்ப்பும் ஒரு பிரிவு. இந்த மாதிரிப் பயிற்சி ரெண்டு மூணுக்கு நானும் போயிருக்கிறேன், ஒருதடவை பாடம் நடத்துகிறவனாகவே. யார் நடத்தினார்கள் என்பதை விடுங்கள், எல்லா இடத்திலும் ஒரே அச்சுதான். ரெண்டு நாள். குத்துவிளக்கு. வாழ்த்துரைகளிலேயே முதல் நாள் மதியம் வந்துவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் திரையில் ஆங்கிலத்தில் படம் காட்டுவார். மறுநாள் சாயங்காலம் சான்றிதழ், குரூப் போட்டோ. வந்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் நிரந்தரப் பணியில் இருப்பவர்கள், அதிலும் மேல் நிலையில் இருப்பவர்கள், அதிலும் ஆறு மாதத்துக்கு முன்னால் இதே போல் இன்னொரு பயிற்சிக்குப் போய்வந்தவர்கள். பகுதி நேர நூலகர் பெயர் பட்டியலில் வராது. ஊர்ப்புற நூலகர் ஒன்றிரண்டு பேர் பின் வரிசையில். கூட்டுகிறவர், தூக்குகிறவர், கட்டுகிறவர் யாரும் கிடையாது. அப்படிக் கூப்பிடலாம் என்கிற யோசனையே யாருக்கும் வந்திருக்காது.

'குடிசையைக் கொளுத்துறான், கோயிலுக்குள்ள விடமாட்டேங்குறான், நீ என்னமோ லைப்ரரியில கம்ப்யூட்டர் கிளாஸ் பத்திப் பேசிட்டு இருக்க' என்று ஒரு தோழர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் அவரிடம் திருப்பிக் கேட்டது, உங்க பொண்ணு ஸ்காலர்ஷிப்புக்கு எங்க போய்ப் பதிவு பண்ணுச்சு? சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர், மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் நூறு ரூபாய்க்குக் குறையாமல். மூணாவது தடவை கடைக்காரப் பையன் வங்கிக் கணக்கு எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டான். பணம் வரவே இல்லை. அந்த வருசம் அந்தப் பெண் கல்லூரிக் கட்டணத்துக்குக் கம்மலை வைத்தார்கள். அந்தக் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் மேலப்புலிவார்டு ரோட்டில் மாவட்ட மய்ய நூலகம் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கும் அதன் அப்பாவுக்கும் அங்கே போய்க் கேட்கலாம் என்றே தோன்றவில்லை. நூலகம் என்றால் பேப்பர் படிக்கிற இடம் என்றுதான் நமக்குப் பதிந்திருக்கிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, உதவித்தொகை, தேர்வாணையத்தின் நிரந்தரப் பதிவு, எல்லாமே கணினி வழியாக ஆகிவிட்ட காலத்தில், காசு வாங்காமல் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க அரசாங்கச் சம்பளத்தில் ஆள் இருக்கிற இடம் சேரிக்குப் பக்கத்தில் எது? யோசித்துப் பார்த்தால் நூலகம் ஒன்றுதான் மிஞ்சும். அந்த ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியுமா, சொல்லிக்கொடுக்க மனசு வருமா என்பதுதான் மிச்சக் கேள்வி.

இந்தக் கேள்விக்கு வயசு நூறுக்கு மேலே ஆகிறது. பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் 1910-இல் வில்லியம் போர்டன் என்கிற அமெரிக்க நூலகரை வரவழைத்தார். சமஸ்தானம் முழுக்க இலவச நூலகங்கள் திறந்தார்கள். 1911-இல் நூலகப் பணியாளர்களுக்கான பயிற்சி வகுப்பும் அங்கே தொடங்கியது. இந்தியாவில் அதற்கு முன்னால் அப்படி ஒன்று கிடையாது. நூலகவியல் பாடப் புத்தகங்களில் இது இருக்கும், பரீட்சைக்கு வரும். புத்தகத்தில் இல்லாததை நாம் சேர்த்துப் படிக்க வேண்டும். அதே மன்னரின் உதவித்தொகையில்தான் 1913-இல் அம்பேத்கர் கொலம்பியா போனார். ஒப்பந்தப்படி வேலை பார்க்க 1917-இல் பரோடா வந்தார். தங்குவதற்கு ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பெயரை மறைத்துத் தங்கியவரைத் தடியோடு வந்த கூட்டம் வெளியே துரத்தியது. அலுவலகத்தில் பியூன்கள் கோப்பைத் தள்ளி நின்று வீசினார்கள். நாட்டுக்கே நூலக வழி காட்டிய ஊர் அது. நூலக அலமாரி எல்லோருக்கும் திறந்திருந்தது, உண்மைதான். அதை நிர்வகிக்கக் கற்றுக்கொண்ட கைகள் எந்தச் சாதிக் கைகள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

நம்ம ஊருக்கு வருவோம். சென்னை நூலகச் சங்கம் 1928-இல் பிறந்தது. மறு வருசமே அது பயிற்சிப் பள்ளி தொடங்கியது. நடத்தியவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். அவருடைய அய்ந்து விதிகள் 1931-இல் புத்தகமாக வந்தன. புத்தகம் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளரும் உயிரி. அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அக்ரகாரத்தில் பிறந்தார் என்பதற்காகவே ஒரு ஆளைத் தள்ளிவிடுகிற வேலையை நான் செய்ய மாட்டேன். புத்தகத்தைச் சங்கிலியில் கட்டி வைக்காதே என்று சொன்ன மனுசன் அவர். ஆனால் 1929-இல் சேரியிலிருந்து பள்ளி இறுதி வரை வந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வாசகருக்கு விதி எழுதினார்கள், புத்தகத்துக்கு விதி எழுதினார்கள். அந்தக் கட்டடத்தைக் கூட்டுகிறவருக்கு என்று ஒரு ஆறாவது விதி எழுதப்படவே இல்லை.

கடல் தாண்டி ஒரு சேதி. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்று ஒரு ஊர். 1905-இல் அங்கே கறுப்பர்களுக்கென்று தனியாக ஒரு கிளை நூலகம் திறந்தார்கள். சேரிக்கென்று தனிக் கிணறு மாதிரி. பொறுப்பேற்றவர் தாமஸ் பவுன்டன் புளூ, கறுப்பர். அந்தக் காலத்தில் தெற்கு மாநில நூலகப் பள்ளிகளில் கறுப்பர்களைச் சேர்க்க மாட்டார்கள். புளூ கெஞ்சிக்கொண்டு நிற்கவில்லை. தன் கிளைக்குள்ளேயே பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். தெற்கின் மற்ற நகரங்களில் இருந்தெல்லாம் கறுப்பினப் பெண்கள் வந்து படித்து, திரும்பிப் போய் தங்கள் ஊர் நூலகங்களை நடத்தினார்கள். ஹாம்ப்டனில் கறுப்பர்களுக்கான நூலகப் பள்ளி 1925-இல்தான் வந்தது. அதுவரைக்கும் அவர்களுக்கு வழி காட்டியது ஒரு கிளை நூலகம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1961 மார்ச் 27 அன்று மிசிசிப்பி மாநிலம் ஜாக்சனில், டூகலூ கல்லூரி மாணவர்கள் ஒன்பது பேர் வெள்ளையர் நூலகத்துக்குள் போய்ப் புத்தகம் எடுத்து உட்கார்ந்து படித்தார்கள். அதற்காகக் கைது செய்யப்பட்டார்கள். நம்ம ஆட்கள் கருஞ்சிறுத்தைகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்த ஒன்பது பேரைப் பற்றியும் புளூவைப் பற்றியும் பேசியதே இல்லை. துப்பாக்கி படம் எடுக்க நன்றாக இருக்கிறது, நூல் அடுக்கு அப்படி இல்லை.

சரி, பணம்? பணம் இல்லை என்பார்கள். 1948-ஆம் வருசத்துப் பொது நூலகச் சட்டத்தின் கீழ் சொத்து வரியோடு நூலக வரி வசூலிக்கிறார்கள். ரூபாய்க்கு 10 காசு. மாநகராட்சியும் ஊராட்சியும் வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். 1994-இல் சீரங்கம், பொன்மலை நகராட்சிகளையும் சேர்த்துத் திருச்சி மாநகராட்சி ஆனது. சித்திரை வீதி மாடி வீட்டுக்காரர் கட்டுவதும், பொன்மலைப் பக்கம் ரயில்வே கலாசி கடன் வாங்கிக் கட்டின வீட்டுக்குக் கட்டுவதும் ஒரே உண்டியலில்தான் விழுகிறது. 2022-இல் சொத்து வரியை ஏற்றினார்களே, அதோடு நூலக வரியும் சேர்ந்துதான் ஏறியது. தமிழ்நாடு முழுக்க உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரியை உரிய நேரத்தில் கொடுக்காமல் பாக்கி வைப்பது பழைய கதை. ஆக, பணம் இருக்கிறது. எங்கே தேங்குகிறது, எதற்குச் செலவாகிறது என்று கேட்க நம்மிடம் ஆள் இல்லை.

இதைவிடப் பெரிய வேட்டு ஒன்று இருக்கிறது. கணினி வந்ததும் அதற்கு ஆள் வேண்டும். அந்த ஆளை வெளியே இருந்து ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள். இப்படிப் பல துறைகளில் நடக்கிறது. ஒப்பந்தக்காரர் எடுக்கிற ஆளுக்கு இனச் சுழற்சி கிடையாது. நமக்கான 18 விழுக்காடும், அதற்குள் 2009-இல் அருந்ததியருக்குக் கிடைத்த 3 விழுக்காடும், பழங்குடிக்கான 1 விழுக்காடும் நிரந்தரப் பணியிடத்தோடு நின்றுபோகும். ஏற்கெனவே உள்ளே இருக்கிற நம்ம சனத்துக்குக் கணினி கற்றுக்கொடுக்காமல் விட்டால், 'இவங்களுக்குத் தெரியாது சார், வெளியில இருந்து எடுத்துக்கலாம்' என்று சொல்ல வசதியாகப் போகும். தெரியாமல் வைத்துவிட்டு, தெரியாது என்று காரணம் காட்டி ஓரங்கட்டுவது. இதை நம்ம பாட்டன் காலத்திலிருந்து பார்த்தாச்சு.

நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பெருமைக்காக இல்லை, நிறையத் தப்பு செய்தோம். திருச்சியில் எங்கள் பகுதி அம்பேத்கர் படிப்பகத்தில், மூடிக்கொண்டிருந்த ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து ரெண்டு பழைய கணினிகளை வாங்கிப் போட்டோம். பொறியியல் படிக்கிற நம்ம பையன் ஒருத்தன் அதில் லினக்ஸ் ஏற்றிக்கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் பகல் மூணு மணி. தெரிந்த நூலகங்களில் கடைநிலையில் இருக்கிறவர்களைத் தேடிப் போய்க் கூப்பிட்டோம். சீரங்கத்து அக்கா வந்தார். பகுதி நேர நூலகர்கள் நாலு பேர், கூட்டுகிற வேலை பார்ப்பவர்கள் இன்னும் ரெண்டு பேர்.

ஒருவரைக் கூப்பிட்டபோது, ஆதிக்க சாதிக்காரர், நல்ல மனுசர்தான், முகம் கொடுத்துப் பேசுகிறவர், 'வர்றேன் தம்பி, ஆனா அங்கயா? வேற எடத்துல வச்சா நல்லாருக்கும்' என்றார். எங்கே என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு கல்யாண மண்டபத்திலோ கல்லூரியிலோ வைத்திருந்தால் வந்திருப்பார். இடத்தை மாற்றலாமா என்று எங்களுக்குள் பெரிய சண்டை. கடைசியில் மாற்றவில்லை. அவரும் வரவில்லை. அவர் நூலகத்துக்கு வருகிற பிள்ளைகளில் பாதி நம்ம பிள்ளைகள். நாங்கள் பிடிவாதம் பிடித்ததில் நட்டம் யாருக்கு என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

முதல் ரெண்டு ஞாயிறை நான் வீணாக்கினேன். கணினியின் வரலாறு, உள்ளே இருக்கிற பாகங்கள், மூளை எது, நினைவகம் எது என்று கரும்பலகையில் படம் போட்டேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் அப்படியே கக்கினேன். மூணாவது வாரம் அக்கா எழுந்து, 'தம்பி, உள்ளுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு வேணாம். ஸ்காலர்ஷிப் பாரத்த எப்பிடிப் போடுறதுன்னு காட்டு. வர்ற புள்ளைங்க அதத்தான் கேக்குதுங்க' என்றார். எனக்கு நறுக்கென்று இருந்தது. அன்றைக்கே பாடத்தைத் தலைகீழாக மாற்றினோம். ஒவ்வொருத்தரும் தங்கள் நூலகத்தில் அந்த வாரம் வாசகர்கள் கேட்டு, பதில் சொல்ல முடியாமல் போன ஒரு கேள்வியைக் கொண்டுவர வேண்டும். அதுதான் அந்த வாரத்துப் பாடம். போட்டோவின் அளவைக் குறைப்பது, ஒரு சான்றை ஸ்கேன் பண்ணுவது, அரசாணையைத் தேடி எடுப்பது, வங்கிக் கணக்கு எண்ணை ரெண்டு பேர் சேர்ந்து சரிபார்ப்பது, முடித்ததும் கடவுச்சொல்லைத் துடைத்துவிட்டு வெளியேறுவது. கடைசியில் சொன்னது ரொம்ப முக்கியம். அடுத்தவர் ஆதார் எண்ணும் வங்கி விவரமும் பொதுக் கணினியில் தங்கக்கூடாது என்பதை ரெண்டு நாள் பயிற்சி எதிலும் நான் கேட்டதில்லை.

இங்கிலீஷ் தெரியாமல் எப்படி என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. 1999-இல் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடத்தியபோது தமிழ்99 என்று ஒரு விசைப்பலகை வகுத்தார்கள். உயிர் பன்னிரண்டும் இடது கைப் பக்கம், மெய் பதினெட்டும் பெரும்பாலும் வலது பக்கம். 'ம' விசையை ரெண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ஆங்கில எழுத்தில் 'அம்மா'வை எப்படி எழுதுவது என்று யோசிக்கவே வேண்டாம். கல்லூரிப் பசங்கள் ஆங்கிலத்தில் அடித்துத் தமிழாக மாற்றிப் பழகிவிட்டதால் இதற்குத் திணறினார்கள். அக்கா மூணே வாரத்தில் பிடித்துக்கொண்டார். ஆறாவது ஞாயிறு, மூணாவது பீரோவில் இருக்கிற புத்தகங்களை மனப்பாடமாகவே அடித்து ஒரு பட்டியல் போட்டார், தலைப்பு, எழுதியவர் பெயர், எந்தத் தட்டு, அட்டை என்ன நிறம். அட்டை நிறத்துக்கு எந்த மென்பொருளிலும் கட்டம் கிடையாது. ஆனால் வாசகன் அதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறான்.

தோழர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உதவிக்கு என்று வந்த நம்ம பசங்கள் மவுசை விடவே இல்லை. பெண்கள் ஒரு நிமிசம் யோசித்தால் போதும், 'இப்பிடிக்கா' என்று கையிலிருந்து பிடுங்கிவிடுவார்கள். மேலிருந்து ஒருவன் தொடாதே என்கிறான், பக்கத்தில் நம்மவனே தொடவிட மாட்டேன் என்கிறான். உதவிக்கு வருகிறவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி போட்ட பிறகுதான் வகுப்பு நடந்தது. அப்படியும் ரெண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒருவருக்குப் பஸ் காசு. இன்னொருவருக்கு ஞாயிறு ஒருநாள்தான் துணி துவைக்க. இதில் இலட்சியம் பேசிப் பயனில்லை.

இனி பட்டியல் சமாச்சாரம். நூற்பட்டியலைக் கணினியில் ஏற்றுவது குமாஸ்தா வேலை, யார் அடித்தால் என்ன என்று நினைப்பவர்களுக்காக. ஒரு நூலகத்தில் அம்பேத்கர் எழுத்துகளின் தொகுதிகள் முழுவதும் தலைவர்கள் வாழ்க்கை வரலாறு அடுக்கில் இருந்ததை நானே பார்த்தேன். ரூபாயின் சிக்கல் பற்றி அவர் 1923-இல் வெளியிட்ட ஆய்வு ட்யூயி பகுப்பின்படி பொருளாதாரத்தில், 330-களில் இருக்க வேண்டியது. பொருளாதாரம் படிக்கிற மாணவன் அந்த அடுக்குக்குப் போனால் அம்பேத்கர் இருக்க மாட்டார். அட்டையில் பெயரைப் பார்த்ததும் 'இவங்க தலைவர்' என்று கை தானாக ஒதுக்கி வைக்கிறது. அது கணினிக்குள் அப்படியே ஏறினால் இன்னும் அய்ம்பது வருசத்துக்கு அங்கேதான் கிடப்பார்.

சொற்களும் அப்படித்தான். ஒரு புத்தகம் 'ஹரிஜன்' என்று பதிவாகியிருக்கும், இன்னொன்று 'தாழ்த்தப்பட்டோர்', இன்னொன்று 'ஆதிதிராவிடர்', வேறொன்று 'பட்டியலினத்தவர்'. ஒரு மாணவி 'தலித்' என்று தட்டினால் மற்ற நாலும் வராது. 'இதையும் பார்க்க' என்று ஒன்றோடொன்றைக் கட்டிவிட வேண்டும். சின்ன வேலைதான், ஆனால் இந்த அய்ந்து பெயரும் ஒரே சனத்துடையது என்று தெரிந்தவர் உட்கார்ந்தால்தான் நடக்கும். அதோடு எழுத்துருக் கூத்து வேறு. தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்தது இன்றைக்குத் திறந்தால் கிறுக்கலாக நிற்கிறது. 2010-இல்தான் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. இதில் நாமும் குற்றவாளிகள். அந்தக் காலத்தில் நாம் நடத்திய சிறுபத்திரிகைகளின் பிளாப்பிகள் எங்கே? அச்சான இதழ்களையாவது எந்த நூலகத்துக்காவது கொண்டுபோய்க் கொடுத்தோமா? எங்கள் படிப்பகத்து டிரங்குப் பெட்டியில் இருந்ததில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது.

சீரங்கத்திலேயே இதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. இந்த ஊர் வாணி விலாஸ் அச்சகம் 1910-இல் சங்கரர் எழுத்துகளை 20 தொகுதிகளாகப் போட்டது. மடங்களும் வீடுகளும் பல்கலைக்கழகங்களும் அதைப் பாதுகாத்தன. இன்றைக்கு ஸ்கேன் செய்யப்பட்டு, உலகத்தில் எங்கிருந்தும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய 'பறையன்' இதழ் அதற்கு 17 வருசம் முந்தியது. அதன் இதழ்களில் மிகப் பெரும்பாலானவை கண்ணில் படவே இல்லை. அயோத்திதாசர் 1907-இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' எழுத்துகள் 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து ஞான அலாய்சியஸ் தொகுத்து வந்த பிறகுதான் நம்மில் பலருக்குக் கிடைத்தன, அதுவும் யாரோ சில குடும்பங்கள் பெட்டியில் பூட்டி வைத்திருந்த புண்ணியத்தால். ஸ்கேனருக்குச் சாதி கிடையாது என்று சொல்வார்கள். எதைக் கொண்டுவந்து அதன் மேல் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் நூலகப் பயிற்சியில் ஸ்கேன் செய்வதும் ஒருங்குறியில் பதிவதும் பாடமாக இருந்தால், முதல் வீட்டுப்பாடம் அவரவர் பகுதியில் கிடக்கிற துண்டறிக்கை, மாநாட்டு மலர், இரங்கல் நோட்டீசு இவற்றைக் கொண்டுவருவதாக இருக்கட்டும்.

மென்பொருளுக்குக் கோடிக்கணக்கில் கொட்ட வேண்டியதில்லை. கோஹா என்கிற நூலக மென்பொருள் நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற சின்ன வட்டாரத்தின் நூலக அமைப்பு 1999-இல் எழுதச் செய்தது. 2000 பிறந்தால் தங்கள் பழைய கணினி முறை படுத்துவிடும் என்ற பயத்தில் செய்தார்கள், செய்துவிட்டு உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். கோஹா என்றால் மவோரி மொழியில் கொடை. தமிழ் ஒருங்குறி அதில் நன்றாக ஓடும். பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் பிஷப் ஹீபர் கல்லூரியிலும் நூலகவியல் துறை இருக்கிறது. அங்கே படிக்கிற நம்ம பிள்ளைகள் வாரத்துக்கு அரை நாள் ஒரு கிளை நூலகத்தில் போய் உட்கார்ந்தால் போதும்.

திருச்சிக்கு 2024-இல் பெரிய நூலகம் அறிவித்தார்கள். டி.வி.எஸ். டோல்கேட் பக்கம் இடம், காமராசர் பெயர், 290 கோடி ரூபாய்க்குத் திட்டம். வரவேற்கத்தான் வேண்டும். 2010-இல் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூலகத்தை மறு வருசமே மருத்துவமனையாக மாற்றப் பார்த்தார்கள், நீதிமன்றம் போய்த்தான் தடுக்க முடிந்தது. ஆகவே பெரிய நூலகங்களை நான் கேலி பேச மாட்டேன். ஆனால் அந்த மாதிரிக் கட்டடத்தில் கணினி முன்னால் உட்காரப்போவது யார்? கிளை நூலகத்திலும் ஊர்ப்புற நூலகத்திலும் வருசக்கணக்கில் தூசி தின்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்து அழைத்துப் போவார்களா, இல்லை அவர்களைக் கூட்டுவதற்கு மட்டும் கூப்பிடுவார்களா?

நாம் கேட்க வேண்டியது இவைதான். பயிற்சிப் பட்டியல் கீழிருந்து தொடங்கட்டும், கடைநிலைப் பணியாளரும் பகுதி நேரத்தவரும் முதலில், அதிகாரிகள் கடைசியில். ரெண்டு நாள் திருவிழா வேண்டாம், வாரம் ஒரு காலை, ஆறு மாதத்துக்கு, வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடும் பஸ் காசோடும். பாடம் தமிழில். நடக்கிற இடம் ஒருவாரம் அக்ரகாரத்துப் பக்கம் இருந்தால் ஒருவாரம் சேரிப் படிப்பகத்தில், வர மாட்டேன் என்கிறவர் எழுத்து மூலம் காரணம் சொல்லட்டும். ஒவ்வொரு பணியாளருக்கும் தன் பெயரில் ஒரு நுழைவும் கடவுச்சொல்லும். இப்போது பல இடங்களில் அது ஒரே ஆளின் மேசை டிராயருக்குள் பூட்டிக் கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சி முடித்தவருக்குப் பணி உயர்வோ ஊதிய உயர்வோ எழுதிக் கொடுக்க வேண்டும். இது இல்லாமல் மற்றதெல்லாம் கிடைத்தால், பழைய கூலிக்கே கூட்டவும் செய்து கணினியும் ஓட்டுகிற ஆளாக அந்த அக்காவை நாமே ஆக்கிவிடுவோம். 'இன்னும் மூணு வருசத்துல ரிட்டயர் ஆகப்போறாங்க, அவங்களுக்கு எதுக்கு' என்று ஒரு அதிகாரி என்னிடம் கேட்டார். அவருக்கும் அதே மூணு வருசம்தான் பாக்கி, அந்தப் பயிற்சிக்கு அவர்தான் போய்வந்தார்.

மனு எழுதிக்கொண்டிருக்கிறோம், மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கும் மாநகராட்சிக்கும். வீட்டு வரி கட்டுகிற தோழர்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி எவ்வளவு என்று தனியாகப் போட்டிருந்தால் அதை ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்கள். பட்டா இல்லாத வீட்டுக்காரர்களிடம் ரசீது இருக்காது, அவர்கள் தங்கள் பிள்ளைகள் உதவித்தொகைக்குப் பதிவு செய்ய எந்தக் கடைக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதித் தரட்டும். சீரங்கத்து அக்கா கையெழுத்துப் போடப் பயப்படுகிறார், வேலை போய்விடும் என்று. அவரை வற்புறுத்த வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மனுவைத் தமிழ்99-இல் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.